ஈஸ்ட்டுக்கு ஒரு குரோமோசோம் கூடிப்போனால்: நான்கு வழிகள், ஆறு மாதம், ஒரு புராஜெக்ட்

ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள், பொரிகடலையைக் கொறித்துக்கொண்டே கேட்டாள். "மாமா, குரோமோசோம் எண்ணிக்கை மாறிப்போன ஈஸ்ட் எப்படிச் சமாளிக்குதுன்னு புராஜெக்ட் பண்ணலாம்னு இருக்கேன். படிச்சுப் பார்த்தா நாலு வழி இருக்கு. எதை எடுக்கட்டும்?"

எம்.எஸ்சி. இறுதியாண்டு. கையில் ஆறு மாதம். ஒரு இன்குபேட்டர், ஒரு ஷேக்கர், நுண்ணோக்கி, ஆட்டோகிளேவ், இவ்வளவுதான் வசதி. இருபது வருடமாக நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான், இப்போது கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரியில். இருந்தும் எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்து அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். டெல்டா கல்லூரிகளில் இதே யோசனையோடு வேறு பிள்ளைகளும் இருக்கலாம்.

முதலில் சங்கதி என்னவென்று பார்த்துவிடலாம். ரொட்டி ஈஸ்ட்டுக்கு 16 குரோமோசோம்கள், ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். 1996-ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து முடித்தார்கள். உட்கருவுள்ள உயிர்களில் அப்படிப் படிக்கப்பட்ட முதல் உயிர் இதுதான். இந்த 16-ம் ஒவ்வொன்றாக இருக்கும் ஒற்றைத் தொகுதியோடும் வாழும், இரண்டிரண்டாக இருக்கும் இரட்டைத் தொகுதியோடும் வாழும். செல் பிரியும்போது எப்போதாவது பங்கீடு பிசகி, ஒரு பக்கம் 17 போய்விடும். இந்த நிலைக்கு அனூப்ளாய்டி என்று பெயர். ஆகச் சிறிய முதலாம் குரோமோசோம் கூடினால் நூறு சொச்சம் மரபணுக்கள் ஒரே நேரத்தில் இரட்டிப்பாகும். ஆகப் பெரிய நான்காம் குரோமோசோம் என்றால் எண்ணூறு அளவில்.

இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல கல்லணைதான் வசதி. காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று அங்கே நீர் நான்காகப் பிரிகிறது. நான்கிலும் ஒரே விகிதத்தில் கூட்டித் திறந்தால் எல்லா ஊரிலும் தண்ணீர் ஏறும். ஒருத்தருக்கும் பெரிய புகார் இருக்காது. பூவன் வாழையும் ரஸ்தாளியும் அப்படித்தான்: முழுத் தொகுதியே மூன்று மடங்கு. விதை பிடிக்காதே தவிர மரம் ஜோராக வளரும். வெண்ணாற்றை மட்டும் இரண்டு மடங்கு திறந்தால்தான் வம்பு. செல்லுக்குத் தொந்தரவு தருவது இந்த விகிதக் கோளாறுதான்.

ஆற்றங்கரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஊமத்தை இந்தத் துறையில் பெரிய ஆள். 1920-களில் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ என்பவர் நம் ஊமத்தையின் சொந்தக்காரச் செடி ஒன்றை வைத்து வேலை செய்தார். அதற்கு 12 ஜோடிக் குரோமோசோம்கள். எந்தக் குரோமோசோம் ஒன்று கூடுகிறதோ அதற்கேற்ப முள்காயின் வடிவம் ஒவ்வொரு விதமாக மாறியது. 12 குரோமோசோமுக்கு 12 விதக் காய். நெல்லுக்கும் 12 ஜோடிதான், ஐ.ஆர். 36 ரகத்தில் இதே மாதிரி ஒவ்வொன்றாகக் கூடிய 12 செடி வகைகளையும் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குர்தேவ் குஷ் குழுவினர் உண்டாக்கி 1984-ல் வெளியிட்டார்கள். அவளிடம், "பேசாமல் நெல்லில் பண்ணேன்" என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் நெல் ஒன்றிரண்டு போகம், ஈஸ்ட் ஆயிரம் தலைமுறைக்கு மேல் என்று வாயை அடைத்துவிட்டாள். சரிதான்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, சுமந்துகொண்டே வாழ்வது. இதைப் பற்றித்தான் நிறைய தெரியும், நிறைய சண்டையும் நடந்திருக்கிறது. 2007-ல் எம்.ஐ.டி.யில் ஏஞ்சலிகா ஏமன் ஆய்வகத்தில் எட்வார்டோ டோரஸ் முதலானோர், ஒற்றைத் தொகுதி ஈஸ்ட்டில் ஏதேனும் ஒரு குரோமோசோம் மட்டும் இரண்டாக இருக்கும் வகைகளை உண்டாக்கினார்கள். எந்தக் குரோமோசோம் கூடினாலும் சில தொந்தரவுகள் பொதுவாக இருந்தன. வளர்ச்சி மந்தம், சர்க்கரை அதிகம் இழுத்தல், புரதம் செய்வதையோ மடிப்பதையோ கெடுக்கும் மருந்துகளுக்குச் சீக்கிரம் சுருண்டுவிடுதல். அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு ஒப்பீட்டுச் சோதனை. அதே அளவு நீளமுள்ள மனித டி.என்.ஏ.வை ஈஸ்ட்டுக்குள் செயற்கைக் குரோமோசோமாக வைத்தபோது செல் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மனித மரபணுக்களிலிருந்து ஈஸ்ட் புரதம் செய்வது அநேகமாக இல்லை. ஆக, பாரம் டி.என்.ஏ.வில் இல்லை, அதிலிருந்து வந்து குவியும் புரதத்தில் இருக்கிறது.

குவிந்தால் என்ன? பல புரதங்கள் கூட்டாளிகளோடு சேர்ந்துதான் வேலை செய்யும். புரதம் செய்யும் ரைபோசோம் மாதிரி பெரிய கூட்டு இயந்திரத்தில் ஒரு பாகம் மட்டும் இரண்டு மடங்கு வந்தால், பாதி பாகம் ஜோடி இல்லாமல் ஒட்டிக்கொண்டு கட்டிதட்டும். அப்படி மிஞ்சுவதைச் செல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தால் முத்திரை குத்தி, புரோட்டியசோம் என்ற அரவை இயந்திரத்துக்கு அனுப்பி அழித்துவிடும். மரபணு இரட்டித்தால் ஆர்.என்.ஏ.வும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. ஆனால் கூட்டு இயந்திரங்களில் சேரும் புரதங்கள் பலவற்றின் அளவு அந்த மடங்குக்கு ஏறுவதில்லை. நடுவில் வடிகால் வேலை செய்கிறது. டெல்டாவில் வாய்க்காலுக்குச் சமமாக வடிகாலும் ஏன் வேண்டும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் சம்பா நாற்று மூழ்கி அழுகுவது தண்ணீர் வந்ததால் மட்டுமா, வடியாததால்தானே.

இரண்டாம் வழி இதன் நீட்சி: வடிகாலை ஆழப்படுத்துவது. 2010-ல் அதே குழு, மந்தமாக வளரும் இந்தச் செல்களைத் தொடர்ந்து வளர்த்து, வேகம் பெற்றவற்றைப் பொறுக்கி எடுத்து அவற்றில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். யு.பி.பி.6 என்ற மரபணு பழுதாகியிருந்த வகை ஒன்று அகப்பட்டது. முத்திரை குத்தி வந்த புரதத்திலிருந்து அழிவதற்கு முன்பு முத்திரையைக் கழற்றிச் சேமிப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் அரவை வேகம் கூடுகிறது. குரோமோசோம் கூடிய வகைகள் சில நன்றாகத் தேறுகின்றன. எல்லா வகையும் தேறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றைப் பழுதாக்கி இன்னொன்றைச் சரிக்கட்டும் சாமர்த்தியம் இது.

சண்டைக்கு வருகிறேன். "ஆய்வகத்தில் இவ்வளவு துன்பப்படுகிறதே, வெளியே காட்டில், மதுப் பீப்பாயில், ரொட்டிக்கடையில் இருக்கும் ஈஸ்ட்டும் இப்படித்தானா?" என்று விஸ்கான்சினில் ஆட்ரி காஷ் குழுவினர் 2015-ல் பார்த்தபோது, வெளி ஈஸ்ட்டுகள் பலவும் கூடுதல் குரோமோசோமைச் சாவகாசமாகச் சுமந்துகொண்டிருந்தன. 2018-ல் உலகெங்கும் இருந்து சேர்த்த 1,011 ஈஸ்ட்டுகளின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள்; அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குக் குரோமோசோம் கணக்கு தவறியிருந்தது. ஐந்தில் ஒன்று என்றால் அதை நோய் என்று சொல்ல நாக்குக் கூசும். இந்த முரணுக்குப் பெரிய பங்கு காரணம் 2020-ல் வெளிவந்தது. முதல் ஆய்வுகளுக்குப் பயன்பட்ட டபிள்யூ303 என்ற ஆய்வக இனவகையில் எஸ்.எஸ்.டி.1 என்ற மரபணு பாதியில் அறுந்து கிடக்கிறது. ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்துக்கான மரபணு அது. வெளி ஈஸ்ட்டில் அதை நீக்கினால் அதுவும் கூடுதல் குரோமோசோமைத் தாங்க முடியாமல் தடுமாறுகிறது. 2024-ல் பெர்லினில் மார்கஸ் ரால்சர் குழு நூற்றுக்கணக்கான இயற்கை ஈஸ்ட்டுகளின் புரதங்களை அளந்து, அங்கேயும் வடிகால்தான் பெரும் வேலை செய்கிறது, புரதங்களை அழித்துப் புதுப்பிக்கும் வேகம் கூடியிருக்கிறது என்று காட்டியது.

டபிள்யூ303-ல் செய்த வேலை வீண் என்று இதற்கு அர்த்தமாகாது. முழங்கால் பிசகியவன் நடப்பதைப் பார்த்தால்தான் முழங்காலின் வேலை புரியும். ஆனால் அக்கா மகளிடம் முதலில் அழுத்திச் சொன்னது இதைத்தான்: கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் இனவகையைத் தேர்ந்தெடு. எந்த ஈஸ்ட்டில் கேட்கிறாய் என்பதைப் பொறுத்து "பாரம்", "பாரமில்லை" என்று இரண்டு பதிலும் வரும்.

இந்த முதல் இரண்டு வழிகளும் அறிவியலாகப் பார்த்தால் என் மனதுக்கு மிக நெருக்கம். ஆனால் அவளுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். புரதத்தை அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரியில் அதற்கு எங்கே போவது? குரோமோசோம் கூடிய ஆயத்த வகைகளை வெளிநாட்டு ஆய்வகங்களிலிருந்து வரவழைப்பதற்குள் கடிதப் போக்குவரத்திலேயே பாதி ஆண்டு போய்விடும்.

மூன்றாம் வழி, கழற்றிவிடுவது. வந்த குரோமோசோம் அடுத்தடுத்த பிரிவுகளில் தவறிப்போனால், தவறவிட்ட செல் வேகமாக வளர்ந்து கூட்டத்தை நிறைத்துவிடும். ஆகவேதான் கூடுதல் குரோமோசோமைக் காப்பாற்ற ஆய்வகத்தில் வேலி போடுகிறார்கள்: அதன் இரண்டு பிரதிகளிலும் வெவ்வேறு அடையாள மரபணுவைச் செருகி, இரண்டும் இருந்தால்தான் பிழைக்கும்படி வளர்ப்பு ஊடகம் தயாரிப்பார்கள்.

இந்த வழியைச் சோதிப்பது மலிவு, பார்க்கவும் அழகு. ஏ.டி.இ.2 என்ற மரபணு கெட்ட ஈஸ்ட் காலனி, அதாவது தட்டில் ஒரே செல்லிலிருந்து பெருகிய திட்டு, சிவப்பாகும். அந்தக் குறையை மறைக்கும் மரபணு ஒன்றைக் குரோமோசோம் துண்டில் வைத்துவிட்டால், துண்டு இருக்கும்வரை காலனி வெளுப்பு. தொலைத்த செல்லின் வம்சம் சிவப்பு. ஒரே காலனியில் தர்பூசணிக் கீற்று மாதிரி சிவப்புப் பட்டை விழும். எண்ண வேண்டியதுதான், கருவி எதுவும் வேண்டாம்.

குரோமோசோம் தவறுவதை வேகப்படுத்த என்ன போடலாம் என்று கேட்டாள். "வேதாரண்யம் பக்கம் செங்காந்தள் போடுறாங்களே மாமா, அதுல கோல்சிசின் இருக்கே?" நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும். செங்காந்தள் விதையில் கோல்சிசின் இருப்பதும், தாவரச் செல்லில் குரோமோசோமை இழுக்கும் நுண்குழல்களை அது கட்டாமல் தடுப்பதும் உண்மை. ஆனால் ஈஸ்ட்டின் நுண்குழல் புரதத்தோடு அது சரியாக ஒட்டுவதில்லை. வருஷா வருஷம் யாராவது ஒரு மாணவர் இதில் இரண்டு மாதம் தொலைப்பதைப் பார்க்கிறேன். ஈஸ்ட்டில் பலிப்பது கார்பன்டாசிம் வகைப் பூஞ்சைக்கொல்லி. வயலுக்கு விதை நேர்த்தி செய்ய உரக்கடையில் வாங்குகிறோமே, அதே சாமான். பூஞ்சையைக் கொல்வதே அதன் நுண்குழல்களைக் குலைத்துத்தான். சோதனைக்கு உரக்கடைப் பொட்டலம் வேண்டாம், சுத்தமான தரத்தில் வாங்கு என்று மட்டும் சொன்னேன்.

இந்த வழியின் குறை, அது பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. எப்படித் தொலைந்தது என்று தெரியும். இருந்தபோது எப்படிப் பிழைத்தது என்பது தெரியாது.

நான்காம் வழி, கூடிப்போனதைக் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது. 2000-ல் வந்த ஒரு ஆய்வில், மரபணு நீக்கப்பட்ட 290 சொச்சம் ஈஸ்ட் வகைகளைப் பார்த்தபோது 22-ல் குரோமோசோமோ அதன் பகுதியோ கூடியோ குறைந்தோ இருந்தது. சில வகைகளில், நீக்கிய மரபணுவின் இரட்டைச் சகோதரன் எந்தக் குரோமோசோமில் இருந்ததோ அதுவே கூடியிருந்தது. ஒருவனை வீட்டை விட்டு அனுப்பினால் அவன் தம்பியைக் குடும்பத்தோடு வரவழைத்துக்கொள்வது மாதிரி. 2012-ல் ரோங் லீ ஆய்வகத்தில் ராடிசிகால் என்ற மருந்துக்குத் தப்பிய ஈஸ்ட்டுகளில் 15-ஆம் குரோமோசோம் கூடியிருந்தது. மனிதரைத் தாக்கும் கேண்டிடா ஈஸ்ட்டில், ஐந்தாம் குரோமோசோமின் ஒரு கை, அதாவது ஒரு பக்கப் பகுதி, இரட்டிப்பதால் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து பலிக்காமல் போவது 2006-லேயே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இந்த விஷயம் முக்கியம் என்பது இதனால்தான்.

ஆனால் இந்த வழிக்கு ஆகச் சிறந்த சாட்சி 2012-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலிருந்து வந்தது. இரட்டைத் தொகுதி ஈஸ்ட்டை 39 டிகிரி சூட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். சில நூறு தலைமுறைக்குள் மூன்றாம் குரோமோசோம் ஒன்று கூடி மூன்றாகிவிட்டது. சூட்டைத் தாங்கும் திறன் ஏறியது. காரத்தன்மை கூடிய ஊடகத்தில் வளர்த்தபோது கூடியது ஐந்தாம் குரோமோசோம். அப்படியே விட்டுவிடாமல் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே போனார்கள். இரண்டாயிரம் தலைமுறையை ஒட்டி, கூடிய குரோமோசோம் போய்விட்டது. சூடு தாங்கும் திறன் மட்டும் தங்கிவிட்டது. தேவையான ஒருசில மரபணுக்களை மட்டும் கூட்டிக்கொள்ளும் நேர்த்தியான மாற்றங்கள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தன.

மேட்டூர் திறக்கத் தாமதமாகும் வருஷத்தில் குறுவையைக் காப்பாற்ற ஆயில் இன்ஜினை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோமே, அதுதான் இது. டீசல் செலவு கண்ணைக் கட்டும். ஆனால் இன்றைக்கே தண்ணீர் வரும். ஆற்றில் தண்ணீர் வந்த அன்று இன்ஜினைத் திருப்பி அனுப்பிவிடுவோம். குரோமோசோம் கூடுவது அடிக்கடி நேரும் பிசகு என்பதால் சீக்கிரம் கைக்கு வருகிறது. சரியான மரபணுவில் சரியான மாற்றம் அமைவது அபூர்வம். அது வரும்வரை செல் இந்த வாடகை இன்ஜினை ஓட்டுகிறது.

நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு வித்தியாசமாகத் தெரிவது காலம்தான். சில மணி நேரத்தில் வேலை செய்வது வடிகால். சில பத்துத் தலைமுறையில் நடப்பது கழற்றிவிடுவது. நூற்றுக்கணக்கில் போனால் சாதகமாக்கிக்கொள்வதும் யு.பி.பி.6 மாதிரி மாறிக்கொள்வதும். ஒரே செல் வம்சம் இவை எல்லாவற்றையும் அடுத்தடுத்துச் செய்யலாம். ஆகவே எது நல்ல வழி என்பதை விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் எந்தப் பகுதி கண்ணில் படும் என்று கேட்பதே அவளுக்கு உதவும்.

கணக்குப் போட்டோம். தினமும் ஒரு பங்கு வளர்ப்பை 128 பங்காக நீர்த்தால், மறுநாள் அது நிரம்புவதற்குள் ஏழு தலைமுறை. வைஸ்மன் ஆய்வு மாதிரி சில நூறு தலைமுறை வேண்டும்; 450 தலைமுறைக்குச் சுமார் 64 நாள். சூட்டில் வளர்ச்சி மந்தப்பட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று ஆனாலும் நான்கு மாதத்தில் முடியும். இரண்டாயிரம் தலைமுறை ஆசை வேண்டாம். அது அடுத்த மாணவியின் தலையெழுத்து. குரோமோசோம் கூடியதா என்று அறிய முழுத் தொகுதியையும் படிக்கத் தேவையில்லை. மூன்றாம் குரோமோசோமில் இரண்டு இடம், வேறு குரோமோசோமில் இரண்டு இடம், நான்கையும் கியூ.பி.சி.ஆர். (ஒரு டி.என்.ஏ. பகுதி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை) செய்து விகிதம் பார்த்தால் போதும். மாதிரிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிச் செய்து கொடுக்கும் இடங்கள் திருச்சியில் உண்டு. மூன்றாம் குரோமோசோம் சின்னது, சுமார் மூன்று லட்சத்துச் சொச்சம் டி.என்.ஏ. எழுத்து. 1992-ல் உட்கருவுள்ள உயிர்களிலேயே முதன்முதலாக முழுதாகப் படிக்கப்பட்ட குரோமோசோம் என்பதால் அந்தச் சோதனைக்கு வேண்டிய பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டுகளை வடிவமைப்பதும் எளிது.

ஈஸ்ட் எங்கே வாங்குவது? பேக்கரிப் பொட்டலம் கூடவே கூடாது. அதில் பல நான்கு தொகுதி உள்ளவை, கணக்கே தவறியவையும் உண்டு. கூடியதை எதனோடு ஒப்பிட்டுச் சொல்வாய்? இட்லி மாவிலிருந்து எடுக்கிறேன் என்றாள். மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கு. ஈஸ்ட் இருந்தாலும் அது எந்த இனம் என்று கண்டுபிடிப்பதே ஒரு புராஜெக்ட். கள் நல்ல இருப்பிடம்தான், ஆனால் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதே ஈஸ்ட் வேலை செய்யக் கூடாது என்பதற்குத்தான். கடைசியில் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேகரிப்பிலிருந்து, பூர்வீகம் தெரிந்த இரட்டைத் தொகுதி ஆய்வக வகை ஒன்றை வரவழைப்பது, எஸ்.எஸ்.டி.1 முழுதாக இருப்பதை உறுதி செய்துகொண்டே தொடங்குவது என்று முடிவானது.

ஆக நான்காம் வழி, கடைசி மூன்று வாரம் மட்டும் மூன்றாம் வழி: குரோமோசோம் கூடிய வகை கிடைத்தால் அதை 30 டிகிரிக்குத் திருப்பிக் கொண்டுவந்து, சூடு இல்லாதபோது எத்தனை நாளில் கழற்றிவிடுகிறது என்று பார்ப்பது. 39 டிகிரியில் நான்கு குழாய்கள், கூடவே ஒப்பிட, ஆரம்பத்திலிருந்தே 30 டிகிரியில் ஓடும் நான்கு குழாய்கள். 39-ல் எதுவும் கூடாமல் போனால்? அதையும் அப்படியே எழுதலாம், நான்கு தனித்தனிக் கிளையில் நான்கிலும் வரவில்லை என்றால் அதுவும் ஒரு முடிவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, நான் அப்போது வேலை பார்த்த கல்லூரியில் உறைபெட்டி நாட்கணக்காக மின்சாரம் இல்லாமல் நின்றது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க யாரிடம் கையெழுத்துக் கேட்பது என்றே தெரியாமல் இரண்டு நாள் போனது. ஏழு வருடச் சேகரிப்பு, எல்லாம் புளித்த தண்ணீர். அதனால், ஐம்பது தலைமுறைக்கு ஒருமுறை கிளிசராலில் உறைய வைக்கும் மாதிரி இரண்டு செட் இருக்க வேண்டும். ஒன்று அவள் கல்லூரியில், இன்னொன்று திருச்சியில் என் நண்பரின் மைனஸ் 80 பெட்டியில். பஸ்ஸில் ஐஸ் டப்பாவோடு போய்வர அலுத்துக்கொண்டாள். போய்வருகிறாள்.

நேற்று 23-ஆம் நாள். காலையிலேயே போன். "மாமா, 30 டிகிரி டியூப் எல்லாம் நல்லாக் கலங்கிடுச்சு. 39 நாலும் இன்னும் தண்ணி மாதிரி இருக்கு. செத்துப்போச்சா?"

"சாயங்காலம் வரைக்கும் வைத்துப் பார். கலங்கினால் நீர்த்து ஊற்று. கலங்காவிட்டால் திருச்சி டப்பாவிலிருந்து 21-ஆம் நாளை எடு."

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான்கில் மூன்றாவது குழாய் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது.